மடிப்புக்குள் ஒரு குடித்தனம்

மாஸ்டர் தைத்த கோட்டைப் பிடித்து இழுத்தால் துணிதான் கிழியும், தையல் கிழியாது என்று முகாமில் ஒரு பேச்சு வழங்கியது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே மாஸ்டர்தான் என்பது அவருடைய மனைவியின் கட்சி.

மலையைக் குடைந்து பாதை போடுகிறவர்களுக்காக உயரத்தில் அமைக்கப்பட்டிருந்த தகரக் கொட்டகைகளின் வரிசைதான் முகாம். அங்கே கோடையிலும் வெயில் சுடாது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். வரிசையின் கோடியில், சமையற்கூடத்தின் அடுப்புச் சுவரைத் தனக்கும் பின்சுவராகக் கொண்ட அறை தையற்கூடம். அந்தச் சுவரின் வெதுவெதுப்பை நாடி, பொத்தான் தளர்ந்திருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டு யாராவது இரண்டு பேர் எப்போதும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அறைக்குள் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் மாஸ்டரும் மனைவியும் குடியிருந்தார்கள். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பதில் அந்த அம்மையார் கைதேர்ந்தவர். ஆகையால் முகாம் முழுவதற்கும் அவர் காஜாக்கா.

மாஸ்டரின் தகப்பனார் கோணிச் சாக்குத் தைத்துப் பிழைத்தவர். மகனும் கோணி ஊசியில்தான் கை பழகினார். பிறகு நகரத்துக்குப் போய்க் குடைத்துணி, கூடாரம், பள்ளிக்கூடச் சீருடை, வாத்தியக் குழுவினரின் ஜரிகைச் சட்டை என்று கிடைத்ததையெல்லாம் தைத்தார். அக்காலத்தில் ஒரு வாடிக்கையாளர், தைத்து வாங்கிய சட்டையைக் கடை வாசலிலேயே உட்புறம் வெளியாகத் திருப்பி, தொங்கிய பிசிறுகளை நாலு பேர் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "என்ன தம்பி, உள்ள பார்த்தா கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். மாஸ்டர் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அதன் பிறகு அவர் கைவிடாமல் கடைப்பிடித்தது மடிப்புத் தையல். துணியின் வெட்டு விளிம்பை ஒருமுறை மடித்து, அந்த மடிப்பையே மீண்டும் ஒருமுறை மடித்து, மேலே இரண்டு வரி தையல் ஓட்டுவார். விளிம்பு எங்கே போயிற்று என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது. "வெளித்தையல் ஊருக்கு, உள்தையல் நமக்கு" என்பது அவர் வாக்கு.

முகாமுக்கு வந்தபின் அவரிடம் கோட்டைத் தவிர வேறெதையும் யாரும் கேட்கவில்லை. கனத்த கம்பளித் துணி, உள்ளே பஞ்சு வைத்த லைனிங், கழுத்துவரை பொத்தான்; இந்த ஒரே மாதிரிதான். நகரத்திலிருந்து அவர் கட்டிக்கொண்டு வந்த துணி வெட்டும் மாதிரிக்கான காலர் அட்டைகளும் கை அட்டைகளும் ஒரு குளிர்காலத்தில் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டன. அதில் அவருக்கு வருத்தமில்லை. கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டே வெட்டுமளவுக்குக் கை தேறியிருந்தது.

காஜாக்காவின் தம்பி சுரங்கத்தில் துளைப்பொறி பிடிப்பவன். தாய் இறந்தபின் அக்காளின் இடுப்பிலேயே வளர்ந்தவன். எவ்வளவு சாப்பிட்டாலும் சதை பிடிக்காத உடம்பு. அவனை எல்லோரும் ஒல்லி என்றே அழைத்தார்கள். மைத்துனனுக்கென்று மாஸ்டர் தைத்த கோட்டில் மற்றவர்களுக்கு இரண்டு மடிப்பு விழுந்த இடத்தில் மூன்று விழுந்திருந்தது.

"அத்தான், இதைப் போட்டுக்கிட்டா உள்ள இருக்கிறது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"தெரியலேன்னா நல்லதுதானே. கடன்காரனுக்குப் பயப்பட வேண்டாம்."

"எனக்கு எவன் கடன் கொடுத்தான்? அந்தப் பெருமைகூட எனக்கு இல்ல அத்தான்."

அந்தக் குளிர்காலத்தில் ஒல்லி கோட்டைக் கழற்றவே இல்லை. அவன் மட்டுமா? துளைப்பவர், மண் அள்ளுபவர், காவற்காரர், எல்லோரும் அணிந்த கோட்டோடேயே வேலை செய்து, அணிந்த கோட்டோடேயே உறங்கினார்கள். குளிப்பதென்பது வெந்நீர் கிடைக்கும் நாளில் நடக்கும் விசேஷம். கட்டில்களும் போதாமல், ஒருவன் வேலைக்கு எழுந்த சூட்டிலேயே வேலை முடித்து வந்தவன் படுத்துக்கொள்வான்.

பிறகு காய்ச்சல் வந்தது. திடீரென்று குளிர் நடுக்கி, தலை பிளந்து, கணுக்கால் எலும்புவரை வலித்துச் சில நாட்கள் ஆளைக் கிடத்தும். ஒரு நாள் உடம்பெல்லாம் வியர்த்து விட்டுப்போகும். பிழைத்தோம் என்று எழுந்து வேலைக்குப் போனவனை அடுத்த வாரம் மறுபடியும் கிடத்தும். முகாமில் அதற்கு மாமியார் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். "போன மாதிரி போக்குக் காட்டிட்டு, பொட்டியோட திரும்பி வந்துடுதுல்ல?" என்று பெயர்க்காரணமும் சொன்னார்கள். ஒல்லியும் அதில் படுத்தான். இரண்டாம் முறை வந்தபோது அவனுக்கு எழுந்து உட்காரும் தெம்புகூட இல்லை.

முகாமின் சிறு மருத்துவமனைக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். வயதில் இளையவர், குளிருக்கு இரண்டு ஜோடிக் காலுறை போடுபவர், மாஸ்டர் தைத்த கோட்டையே அவரும் அணிந்திருந்தார். ஒல்லியின் இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்த அன்று, அவர் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாஸ்டர், சீலைப்பேன் பார்த்திருக்கீங்களா?"

"அதெல்லாம் எங்க பாட்டன் காலத்தோட போச்சு டாக்டரம்மா."

"போகல. இங்கதான் குடியிருக்கு. தலைப்பேன் முடியில முட்டை வைக்கும். இது துணியில வைக்கும். மனுஷன் துணி உடுத்த ஆரம்பிச்சப்புறம்தான் இதுக்குன்னு ஒரு பிழைப்பே வந்துச்சுன்னு சொல்றாங்க. இதுல கண்ணை வச்சுப் பாருங்க."

மாஸ்டர் நுண்ணோக்கியில் குனிந்தார். வட்ட வட்டமான இரத்த அணுக்களுக்கு நடுவே, தையற்பொறியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் நூல் துணுக்குகளைப் போல மெல்லிய சுருள்கள் தெரிந்தன.

"நூல் மாதிரில்ல இருக்கு!"

"அதுதான் காய்ச்சல் கிருமி. இதோட பங்காளிங்க உண்ணியில இருக்காங்க. மண் தரையில, சுவர் விரிசல்ல இருக்கிற உண்ணி. அது வருஷக்கணக்கா பட்டினி கிடக்கும். எலியோ மனுஷனோ, அகப்பட்டதைக் கடிக்கும். அதுக்குள்ள இருக்கிற கிருமிக்கும் எல்லா வித்தையும் கைவசம் இருக்கணும். அந்தக் குடும்பத்துல ஒரு கிளை எப்பவோ பேனுக்கு மாறிடுச்சு. பேன் மனுஷனை விட்டு எங்கயும் போகாது. நித்தம் சாப்பாடு, எப்பவும் ஒரே கதகதப்பு. அப்புறம் அத்தனை வித்தை எதுக்கு? ஒண்ணொண்ணா கழண்டு போச்சு. இப்ப அதுக்குப் பேனையும் மனுஷனையும் விட்டா வேற கதி இல்ல."

மாஸ்டருக்கு ஏனோ அடுப்பில் எரிந்த காலர் அட்டைகள் நினைவுக்கு வந்தன.

"அப்போ போன காய்ச்சல் எதுக்குத் திரும்பி வருது?"

"நம்ம உடம்புல ஒரு காவல் படை இருக்கு. கிருமியோட மேல்சட்டையை அடையாளம் வச்சுத்தான் அது பிடிக்கும். சிவப்புச் சட்டைக்காரனையெல்லாம் பிடிச்சு முடிக்கும்போது காய்ச்சல் விடும். அதுக்குள்ள எவனோ நாலு பேர் பச்சைச் சட்டைக்கு மாறியிருப்பான். காவல் படைக்கு அவங்களைத் தெரியாது. அவங்க பெருகினதும் மறுபடி காய்ச்சல்."

"அவனுக்கு யாரு டாக்டரம்மா டெய்லர்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தானே தைச்சுக்கிறான். பழைய கட்டிங் துணி நிறைய பத்திரப்படுத்தி வச்சிருக்கான். அதுல ஒண்ணை எடுத்து ஒட்டுப்போட்டு மாட்டிக்கிறான்."

"தொழில் தெரிஞ்சவன்தான்" என்றார் மாஸ்டர், உண்மையான மதிப்போடு.

பேன் கடித்த மாத்திரத்தில் நோய் வந்துவிடாது என்பதையும், அரிப்பெடுத்துச் சொறியும்போது நசுங்கும் பேனிலிருந்துதான் கிருமி தோலுக்குள் புகுகிறது என்பதையும் டாக்டரம்மா விளக்கினார். காய்ச்சல்காரனின் சூடு பேனுக்கு ஒவ்வாது. உடனே பக்கத்தில் படுப்பவனிடம் குடிபெயர்ந்துவிடும். ஒரே கட்டிலில் ஆள் மாற்றி ஆள் படுக்கும் முகாம் அதற்குத் தேரோடும் வீதி. "கிருமியை எவனோ வெளியிலேருந்து கொண்டாந்திருப்பான். ஆனா அதுக்கு வீடு கட்டிக் கொடுத்தது நாமதான்" என்றார்.

முகாம் அதிகாரி முதலில் இதை நம்பவில்லை. "ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்காதீங்க டாக்டரம்மா" என்றார். அவருடைய ஓட்டுநரே படுத்த பிறகு, முகாமில் உள்ள கோட்டையெல்லாம் குவித்துக் கொளுத்திவிட வேண்டும் என்று அவரே முதலில் குரல் எழுப்பினார்.

"கோட்டைக் கொளுத்தினா காய்ச்சல்ல தப்பிச்சவன் குளிர்ல போவான்" என்று டாக்டரம்மா மறுத்தார். வேகவைக்கவும் வழியில்லை, பஞ்சு வைத்த கோட்டை அந்தக் குளிரில் உலர்த்தி எடுக்க முடியாது. ஆகவே அவர் கண்ட வழி இஸ்திரிப் பெட்டி. தையற்கூடத்துக்கு நேரில் வந்து, தம் கோட்டையே உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுச் செய்து காட்டினார். "தையல் ஓடுற இடமெல்லாம் பொட்டியை அழுத்தி நிறுத்தணும் மாஸ்டர். ஈரத்துணி கூடாது. காய்ஞ்ச சூடு உள்ளவரைக்கும் இறங்கணும்." நோயாளிகளுக்கு மாத்திரை, கோட்டுகளுக்கு இஸ்திரி, இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு.

கம்பளியைத் தேய்ப்பதற்குத் தையற்காரர்களிடம் ஒரு முறை உண்டு. துணியின்மேல் ஈரத்துணி ஒன்றை விரித்து, அதன்மேல்தான் பெட்டியை ஓட்டுவார்கள். வெறும் பெட்டி பட்டால் கம்பளி மினுங்கத் தொடங்கிவிடும். ஒருமுறை விழுந்த மினுக்கம் பிறகு போகாது. டாக்டரம்மாவின் கோட்டில் தையல் வழியெல்லாம் நத்தை ஊர்ந்ததுபோல் மினுக்கம் விழுந்திருந்ததை மாஸ்டர் பார்த்தார். கம்பளியில் மினுக்கம் விழுவதும் தையற்காரன் முகத்தில் கரி விழுவதும் ஒன்று.

டாக்டரம்மா போன பிறகு அவர் சற்று நேரம் யோசித்தார். சூடு பேனுக்குத்தானே, கோட்டுக்கு எதற்குத் தண்டனை? மேலும், அவர் மடிப்பில் ஊசி நுழையவே விரல்நுனியில் அங்குஸ்தான் மாட்டி அழுத்த வேண்டியிருக்கிறது. அதில் பேன் எப்படி நுழையும்? பேன் இருந்தால் லைனிங்கின் மேலேதான் இருக்க வேண்டும். அதை உதறிவிட்டால் ஆயிற்று. காஜாக்கா அப்போது மருத்துவமனையில் தம்பியின் தலைமாட்டில் இருந்தார். கேட்க ஆளில்லை. மாஸ்டர் ஒவ்வொரு கோட்டையும் வாசலில் நன்றாக உதறி, உட்புறத்தைத் தூரிகையால் துடைத்து, வெளிப்புறத்தில் ஈரத்துணி விரித்து, தமக்குத் தெரிந்த முறைப்படியே தேய்த்தார். கோட்டுகள் புதுக்கருக்கோடு அடுக்கப்பட்டன. முகாம் மெச்சியது.

மாத்திரையும் வேலை செய்தது. ஒல்லி எழுந்து உட்கார்ந்தான். சுவரைப் பிடித்து நடந்தான். தன் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

குளிர் உச்சத்திலிருந்த நாட்களில் காய்ச்சல் மறுபடியும் தலைதூக்கியது. புதிதாகச் சிலர் படுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர்களில் ஒல்லியும் வேறு சிலரும் படுத்தார்கள். இம்முறை ஒல்லியின் நாடி விட்டுவிட்டு அடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் இரத்தத்தில் அதே சுருள்கள்.

அன்று மத்தியானம் டாக்டரம்மா அக்காளையும் அத்தானையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மருந்து சாப்பிட்டு சுத்தமா விட்ட காய்ச்சல் தானா திரும்பக் கூடாது. ஒண்ணு, பேன் மூலமா புதுசா தொத்தியிருக்கணும். ஆனா கோட்டையெல்லாம் தேய்ச்சாச்சு. அப்படின்னா மிச்சம் ஒரே காரணம்தான். கிருமி மருந்துக்கு மசியாத மாதிரி மாறியிருக்கணும்."

"அப்போ தம்பிக்கு?" என்றார் காஜாக்கா.

"இங்க வேற மருந்து இல்லம்மா. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். நாளைக்குக் காலையில லாரி போகுது. மறைக்க விரும்பல. பாதை பாதி சரிஞ்சு கிடக்கு. இந்த நாடியோட அந்தக் குலுக்கலைத் தாங்குவானான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இங்கயே வச்சிருந்தாலும், கிருமி மசியாத மருந்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?"

மாஸ்டருக்குள் பயத்துக்குப் பக்கத்திலேயே ஆறுதலும் ஒன்று வந்து உட்கார்ந்தது. கிருமி மாறிவிட்டது என்று படித்தவரே சொல்கிறார். சட்டை மாற்றிக் காவல் படையை ஏமாற்றத் தெரிந்தவனுக்கு ஒரு மாத்திரையை ஏமாற்றத் தெரியாதா? டாக்டரம்மா கற்றுக்கொடுத்த பாடத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தார்.

காஜாக்கா தம்பியின் பயணத்துக்கு மூட்டை கட்டினார். கோட்டில் ஒரு பொத்தான் ஊசலாடியது. அதைத் தைக்க மேசைக்கு வந்தபோது, பொத்தான் வைக்க வந்திருந்த இன்னொரு கோட்டும் அங்கே கிடந்தது. அது டாக்டரம்மாவுடையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தவர், கோத்த நூலை இழுக்காமல் நிறுத்தினார்.

"என்னங்க, டாக்டரம்மா கோட்டு ஏன் இப்படி மினுங்குது?"

"அந்தம்மாவே தேய்ச்சது. ஊசி போடத் தெரியும். பொட்டி போடத் தெரியுமா?"

"தம்பி கோட்டுல மினுக்கமே இல்லையே."

"அது நான் தேய்ச்சதுல்ல!"

பெருமையோடு சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று மாஸ்டரின் காதில் விழுந்தது. காஜாக்கா ஊசியைத் துணியில் குத்திவைத்தார்.

"ஈரத்துணி போட்டா தேய்ச்சீங்க?"

மாஸ்டர் கத்தரியை எடுத்தார்; வைத்தார்; டேப்பைச் சுருட்டினார்.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். உங்க மௌனத்துக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களா இல்லையா?"

"துணி கெட்டுப்போயிடும்னு..."

"ஆமா. துணி கெடக் கூடாது. என் தம்பி கெடலாம்."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மாஸ்டர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவர் பழைய பிளேடு ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு, மைத்துனனின் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் மருத்துவமனைக்கு நடந்தார். காஜாக்கா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

டாக்டரம்மா நோயாளிகளோடு அனுப்ப வேண்டிய சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நீங்க சொன்ன மாதிரி நான் தேய்க்கல. மேலாப்புல, ஈரத்துணி போட்டுத் தேய்ச்சேன். எல்லாக் கோட்டையும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை விளக்கடியில் வைத்தார். மாஸ்டர் கோட்டைத் திருப்பி, அக்குள் மடிப்பின் முதல் வரித் தையலைப் பிளேடு முனையால் அறுத்தார். பிறகு இரண்டாம் வரி. தம் தையலை அறுப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். மூன்றாம் மடிப்பை நகத்தால் பிரித்தபோது தட்டில் ஏதோ உதிர்ந்து நகர்ந்தது.

ஊசி நுழையாத மடிப்புக்குள் ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. நூலை ஒட்டி, தையல் வரிசை பிசகாமல், கசகசாவைப் பதித்தாற்போல ஈர்கள் வைக்கப்பட்டிருந்தன. மடிப்பின் ஓரங்களில் சாம்பல் நிறப் பேன்கள் வெளிச்சத்துக்கு வெருண்டு உள்ளே நெருக்கின. காற்றுப் படாது, குளிர் படாது, உதறினால் விழாது. மனித உடம்பின் கதகதப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கும். எவருடைய கண்ணுக்கும் படாத இடத்தில் அவ்வளவு நேர்த்தியாக வீடு கட்டிக்கொடுத்த கைகளை மாஸ்டர் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை மத்தியானமே சொல்லியிருக்கலாம் மாஸ்டர்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "ஆனா இது நல்ல சேதி. கிருமி மாறியிருக்க வேண்டியதில்ல. பழைய கிருமியே புதுசா தொத்தியிருக்கலாம். அப்படின்னா பழைய மாத்திரையே கேட்கும்" என்றார்.

"கேட்கலேன்னா?" என்றார் காஜாக்கா.

"கேட்டுதா இல்லையான்னு நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இரத்தம் சொல்லிடும். அதுவரைக்கும் லாரியை நிறுத்தி வைக்கிறேன்."

காலையில் மாத்திரை கொடுத்தார்கள். இந்த நோயில் மருந்து உள்ளே போனதும் கிருமிகள் கூட்டமாக மடியும். அந்த வேளையில் நோயாளி தேறுவதற்குப் பதிலாக மோசமாவான். டாக்டரம்மா இதை முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். சொல்லியிருந்தும், ஒல்லி நடுங்கிய நடுக்கத்தில் இரும்புக் கட்டில் தரையில் தடதடவென்று நகர்ந்தபோது காஜாக்கா அவன்மேல் கவிழ்ந்து கட்டிக்கொண்டார். மாஸ்டர் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா நாடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வெளியே லாரிக்காரர் ஒலிப்பானை அடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் நடுக்கம் தணிந்து வியர்வை அரும்பியது. பிறகு மழையில் நனைந்தவன்போல் வியர்த்தது. சாயங்காலம் எடுத்த இரத்தத்தை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, நுண்ணோக்கியை மாஸ்டரின் பக்கம் திருப்பினார். வட்ட வட்டமான அணுக்கள் மட்டுமே இருந்தன. நூல் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

"அப்போ அவன் மாறல" என்றார் மாஸ்டர்.

"இன்னைக்கு மாறல. நாளைக்கு மாற மாட்டான்னு நான் எழுதித் தர மாட்டேன். சந்தர்ப்பம் கொடுத்துக்கிட்டே இருந்தா, எந்தக் கிருமியும் என்னைக்காவது கத்துக்கும்."

ஒல்லி கண் திறந்து முதலில் கேட்டது கோட்டைத்தான். "அறுத்தாச்சு" என்றார் அக்கா. "நல்லதாப் போச்சு. அந்தக் கனத்துல மூச்சு விடவே ஆள் வைக்கணும் போல இருந்துச்சு" என்றான் அவன்.

லாரி நோயாளி யாரும் இல்லாமல் இறங்கிப் போயிற்று.

மறுநாள் முதல் தையற்கூடத்தில் கோட்டுகள் மலையாகக் குவிந்தன. வெறுமனே தேய்ப்பது போதாது, மடிப்பையே எடுத்துவிட வேண்டும் என்று மாஸ்டர் தாமாகவே முடிவு செய்திருந்தார். நாலு அடுக்குத் துணிக்கு அடியில் சூடு இறங்குமா என்பது அவருக்கே சந்தேகம். கோட்டைப் பறிகொடுத்தவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்புச் சுவரோரம் கோழிக்குஞ்சுகளைப் போல் ஒடுங்கியிருந்தார்கள். காஜாக்கா பிளேடால் பிரித்தார். காய்ந்த பெட்டியால் மாஸ்டர் அழுத்தித் தேய்த்தார். சூட்டில் ஈர்கள் படபடவென்று பொரிந்தன. பிறகு ஒற்றைத் தையலாக, விளிம்பை மடிக்காமல் விரித்துவிட்டுத் தைக்க வேண்டும்.

அங்கேதான் சங்கடம் வந்தது. துணியைக் கையில் எடுத்ததும் விரல்கள் தாமாகவே ஒருமுறை மடித்தன. தடுப்பதற்குள் இன்னொருமுறை மடித்தன. ஒற்றைத் தையல் என்பது அவர் பையனாக இருந்தபோதே தெரிந்த வித்தை. இப்போது கை அதை மறந்திருந்தது. காஜாக்கா எதிரில் உட்கார்ந்து, மடிப்பு விழும்போதெல்லாம் மரச்சட்டத்தால் விரலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மாஸ்டருக்கு இன்னைக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்திருக்கு" என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நீ சும்மா இரு. உன் கோட்டு இன்னும் என் கையிலதான் இருக்கு" என்றார் மாஸ்டர்.

முகாம் அதிகாரியின் கோட்டில்தான் குடித்தனம் மிகுதியாக இருந்தது. அதைக் காஜாக்கா அவரிடம் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னார்.

குளிர் விலகுவதற்குள் காய்ச்சல் முகாமை விட்டது. கோட்டுகள் எல்லாம் தையல் வழி மினுங்கின; உள்ளே பிசிறு தொங்கியது. மாஸ்டரை அதன் பிறகு மினுக்கு மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்.

மலையின் இருபுறமும் சந்தித்துப் பாதை திறந்ததும் முகாம் கலைந்தது. மாஸ்டர் கீழே ஒரு கடைத்தெருவில் சிறிய அறை எடுத்துத் தொழில் நடத்தினார். சட்டையும் சீருடையும் தலையணை உறையும் மறுபடியும் வந்தன. புதிய அட்டைகள் வெட்டிக்கொண்டார். பிசிறைப் பற்றிக் குறை சொன்ன வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அவர் விளக்கம் சொல்வதில்லை. ஓரம் ஓட்டும் பொறி வாங்கிய பிறகு அந்தக் குறையும் நின்றது. கம்பளி வந்தால் மட்டும் உட்புறம் திருப்பிக் காய்ந்த பெட்டியால்தான் தேய்ப்பார். மினுக்கம் பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

சில வருஷங்கள் கழித்து ஒல்லி ஒரு நாள் அந்தக் கடைக்கு வந்தான். அவனை ஒல்லி என்று கூப்பிடுவது அப்போது கேலியாகத்தான் ஒலிக்கும். பழைய கோட்டைக் கையில் பிடித்திருந்தான்; போட்டால் இப்போது பொத்தான் எட்டுவதில்லை.

"அத்தான், இதைக் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா?"

மாஸ்டர் கோட்டை உட்புறம் திருப்பினார். மூன்றாக மடித்துப் புதைத்திருந்த காலத்தில் அதை ஓர் இம்மியும் விரித்திருக்க முடியாது. இப்போது இருபுறமும் இரண்டு விரற்கடைத் துணி, பிசிறோடு, தாராளமாக விட்டிருந்தது.

"எடுத்துடலாம்" என்றார்.

இங்கேயும் போட்டிருந்த தடுப்புக்கு அப்பாலிருந்து காஜாக்கா எட்டிப் பார்த்தார். "இனிமே சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்க. துணி அவ்வளவுதான் இருக்கு."

மாஸ்டர் பழைய தையலைப் பிரித்து, விளிம்போரமாகப் புதுத் தையல் ஓட்டி, பெட்டியில் நெருப்பேற்றி, தையல் வழியே அழுத்தி நிறுத்தி நிறுத்தித் தேய்த்தார். ஈரத்துணி ஆணியில் உலர்ந்து தொங்கியது. ஒல்லி கோட்டை மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினான். தோளும் விலாவும் பளபளத்தன.

"தெருவுல போனா கண்ணு கூசும் போல இருக்கே அத்தான்."

"கூசட்டும்" என்றார் மாஸ்டர்.